புது முட்டியும் பொய்ச் சிரிப்பும்

எனக்கு வாய் அதிகம். இதை நானே சொல்லிவிடுகிறேன், நீங்கள் சிரமப்பட்டுக் கண்டுபிடிக்க வேண்டாம். எங்கள் சலவைக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் துணி வெளுக்க வருகிறார்கள், மீதிப் பேர் நான் யாரைத் திட்டுகிறேன் என்று வேடிக்கை பார்க்க வருகிறார்கள் என்பார் என் வீட்டுக்காரர். அறுந்து விழுகிற பட்டனைத் திட்டுவேன். சுருக்கம் போகாத சட்டையைத் திட்டுவேன், அதை வாங்கியவரையும் சேர்த்துத் திட்டுவேன். திட்டாமல் என்னால் ஒரு தலையணை உறைகூட மடிக்க முடியாது.

என் நாத்தனார் எனக்கு நேர் எதிர். வீட்டுக்காரரின் தங்கை, கணவர் போன பிறகு எங்களோடு வந்து சேர்ந்தவள். இஸ்திரி மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். நான் கத்துவேன், அவள் "விடுங்க அண்ணி" என்பாள். கடை அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. நின்று நின்றே வேலை பார்த்ததில் இரண்டு பேருக்கும் முட்டி போய்விட்டது. எனக்கு வலது முட்டி மட்டும். அந்தக் காலே வெளிப்பக்கமாக வளைந்து போயிருந்தது. அவளுக்கு இரண்டு முட்டியும். வீடு கடைக்கு மேலே. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் படியேறுவாள்.

எலும்பு டாக்டர் எங்கள் இருவருடைய எக்ஸ்ரேயையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் நல்லா தேய்ஞ்சிருச்சு. எலும்போட எலும்பு உரசுது. ஆபரேஷன் பண்ணி முட்டியை மாத்திடலாம்" என்றார். அந்தச் சொல் காதில் விழுந்ததும் நாத்தனார் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். வீடு வந்ததும் மகனுக்குப் போன் போட்டாள். அவன் தூரத்து ஊரில் இருக்கிறான். "இங்க படியே இல்லம்மா. வருஷக் கடைசியில லீவு கிடைக்கும், வந்து கூட்டிட்டுப் போறேன். நீ பேசாம உக்காந்துக்கோ, போதும்" என்று அவன் சொன்னது எனக்கே கேட்டது.

பேசாமல் உட்கார்ந்துகொள்வதாம்! வேலை செய்தே பழகிய உடம்பு. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார வைத்தால் அவள் அப்புறம் எழுந்திருக்கவே மாட்டாள். அது ஒரு பக்கம். அவள் இல்லாத வீட்டில் நான் எப்படி இருப்பேன்? போகாதே என்று அவளிடம் சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக "ஏண்டி, ஒரு ஆபரேஷனுக்குப் பயந்துக்கிட்டு ஊரை விட்டே ஓடறியே, வெக்கமா இல்ல?" என்று கத்தினேன்.

"அப்போ முதல்ல நீங்க பண்ணிக்கோங்க அண்ணி" என்றாள் மெதுவாக. "நீங்க நல்லா எழுந்து நடந்தா நானும் பண்ணிக்கறேன். இல்லேன்னா அவன்கூடப் போயிடறேன். அப்புறம் என்னைத் தடுக்கக் கூடாது."

"சத்தியமா?"

"சத்தியமா."

மாட்டிக்கொண்டேன். இதில் வேடிக்கை என்னவென்றால், நானும்தான் பயந்துகொண்டிருந்தேன்.

ஆபரேஷன் என்றால் நேராகப் போய்ப் படுத்துக்கொள்வது என்று நினைத்தேன். அதுதான் இல்லை. இரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் ஒயரை ஒட்டிப் பார்த்தார்கள், கடைசியில் பல் டாக்டரிடம் அனுப்பினார்கள். "முட்டிக்கும் பல்லுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று நான் போட்ட சத்தத்தில் வரவேற்பறையில் இருந்த பெண் பேனாவைக் கீழே போட்டுவிட்டாள். வாயில் சீழ் இருந்தால் கிருமி இரத்தத்தோடு போய்ப் புது முட்டியில் குடியேறிவிடுமாம். ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டுதான் விட்டார்கள். ஆபரேஷனுக்கு முன்பே தொடைச் சதையைத் தயார் செய்ய வேண்டும் என்று பயிற்சி வேறு கொடுத்தார்கள். நான் படுத்துக்கொண்டு காலை மடக்காமல் தூக்க வேண்டும். வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று "தூக்கு, பிடி, இறக்கு" என்று வாசிப்பார். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் எனக்கு உத்தரவு போட்டது அப்போதுதான். மனிதர் அதை நன்றாகவே அனுபவித்தார்.

கடைக்குப் பின்னால், யாரும் வாங்க வராத துணிகளைக் குவித்து வைத்திருந்த அறையைக் காலி செய்து கட்டில் போட்டோம். தடுக்கி விழாமல் இருக்க மிதியடிகளைச் சுருட்டி வைத்தோம். கை வைத்த நாற்காலி ஒன்று வந்தது, கழிப்பறை இருக்கைக்கு உயரம் கூட்ட ஒரு பிளாஸ்டிக் வளையம் வந்தது. எல்லாவற்றையும் நாத்தனார்தான் துடைத்து வைத்தாள். ஆனால் ஒன்றையும் நேராகப் பார்க்கவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. கால் மாறி அறுத்துவிட்டால்? துணிகளுக்குக் குறி போடுகிற பேனாவை எடுத்து, நல்ல முட்டியில் "இது இல்லை" என்று பெரிதாக எழுதிக்கொண்டேன். எத்தனை முறை வெளுத்தாலும் போகக் கூடாது என்றே செய்த மை அது. மறுநாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஸ்பிரிட் போட்டுத் தேய்க்கிறாள், தேய்க்கிறாள், ஓர் எழுத்துகூட அசையவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "நாங்களே எந்தக் கால்னு அம்பு போட்டுத்தாம்மா வேலையை ஆரம்பிப்போம்" என்றார். "நீங்க போடற மை எங்க மை மாதிரி நிக்குமா?" என்று கேட்டேன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும்வரை அவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

உள்ளே நான் முழு மயக்கத்தில் இல்லை. வலி துளியும் தெரியவில்லை. ஆனால் ரம்பம் ஓடுகிற சத்தமும் சுத்தியல் சத்தமும் கேட்டன. யாரோ பக்கத்து அறையில் அலமாரி செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த அலமாரியே நான்தான் என்று பிறகுதான் உறைத்தது.

அன்று சாயங்காலமே வாக்கரைக் கொடுத்து எழுப்பி நிற்க வைத்தார்கள். மரத்தது இறங்கியதும் தெரிந்தது சங்கதி. அம்மாடி! பெற்றெடுத்த வலியெல்லாம் விளையாட்டு. அந்த நேரம் பார்த்து நாத்தனார் உள்ளே வந்தாள். வாசலிலேயே நின்று என் முகத்தையே பார்த்தாள்.

"எப்படி இருக்கு அண்ணி?"

வாய் வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தப் பல்லையே காட்டிச் சிரித்தேன். "என்ன பெரிய ஆபரேஷன்? கொசு கடிச்ச மாதிரி இருந்துச்சு."

அவள் போர்வையைச் சரி செய்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அதே நாடகம்தான். கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. ஐஸ் பையை வைத்துக்கொண்டு "ஜில்லுனு சுகமா இருக்கு" என்பேன். தையல் பிரிக்கப் போய் வந்த அன்று "கூச்சமா இருந்துச்சு, அவ்வளவுதான்" என்றேன். வீட்டுக்காரரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன். அவருக்குப் பொய் சொல்ல வராது. தங்கை எதையாவது கேட்டால் "ஜம்முனு இருக்கா" என்று கூரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திருட்டு முழி முழித்துக்கொண்டு போய்விடுவார்.

பெரிய ஆபத்து, முட்டியை மடக்கிப் பழக்க ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய உடற்பயிற்சிக்காரி. காலையில் வருவாள். பூப் போன்ற பெண், தேன் போன்ற குரல், இடுக்கி போன்ற கை. முட்டியை மடக்கிக்கொண்டே "இன்னும் கொஞ்சம்மா, இன்னும் கொஞ்சம்" என்பாள். அவளுக்கு நான் வைத்த பெயரே 'இன்னும்கொஞ்சம்'. இப்போது மடக்காமல் விட்டால் முட்டி அப்படியே இறுகிவிடுமாம், பிறகு படியேற வராதாம். கத்தாமல் அதைத் தாங்க யாராலும் முடியாது. அதனால் ஓர் ஏற்பாடு செய்தேன். முன்பக்கம் பெரிய சலவை இயந்திரம் துணியைப் பிழியச் சுற்றும்போது கட்டடமே அதிரும். அது சுற்ற ஆரம்பித்தால்தான் முட்டியில் கை வைக்க வேண்டும் என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். இயந்திரம் உறும, நானும் உறுமுவேன். அது நிற்பதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்துவிடுவேன்.

ஆனால் நான் சிரிக்கச் சிரிக்க நாத்தனார் முகம் சுருங்கிக்கொண்டே போனது. ஒருநாள் அவளுடைய பெட்டி மாடியிலிருந்து இறங்கிக் கடை மூலைக்கு வந்துவிட்டது. அதில் தன் புடவைகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இவ்வளவு சுலபம் என்று காட்டியும் ஏன் மூட்டை கட்டுகிறாள்? இன்னும் நன்றாகச் சிரிக்க வேண்டும் போலிருக்கிறது என்று முடிவு செய்தேன். மறுநாள் வாக்கரைத் தள்ளிக்கொண்டு ஒரு பாட்டுகூட முணுமுணுத்தேன். அவள் விருட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அப்புறம் ஒரு காலை, கரண்ட் போனது.

இயந்திரம் முழு வேகத்தில் இருந்தது, இன்னும்கொஞ்சமும் முழு வேகத்தில் இருந்தாள். சட்டென்று கடை முழுக்க நிசப்தம். என் குரலுக்குத்தான் கரண்ட் தேவையில்லையே!

"அடி படுபாவி! அது முட்டிடி, பூட்டின கதவு இல்ல! உன்னைப் பெத்தாங்களா, இரும்புப் பட்டறையில அடிச்சுச் செஞ்சாங்களா? விடுடி காலை! நீயும் உன் டாக்டரும் நாசமாப் போக! கொல்றாளே, ஐயோ, கேக்க நாதியில்லையா!"

தெருக்கோடி வரை கேட்டிருக்கும். துணி வாங்க வந்தவர்கள் கதவுத் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு நாத்தனார் வந்து நின்றாள். கையில் பாதி மடித்த சட்டை.

போச்சு, எல்லாம் போச்சு. இனி பெட்டியை மூடிப் பூட்ட வேண்டியதுதான் பாக்கி. சிரிக்கப் பார்த்தேன், முகம் ஒத்துழைக்கவில்லை. தலையணையில் சாய்ந்துவிட்டேன்.

"அண்ணி, வலிக்குதா?" என்றாள்.

"உயிர் போகுதுடி! முதல் நாள்லேர்ந்தே உயிர் போகுது! கொசுவும் கடிக்கல, ஒண்ணும் கடிக்கல. போதுமா? இப்போ சந்தோஷமா உன் பிள்ளையோட போ!"

அவள் அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முகத்தைச் சட்டையில் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். அழவும் செய்தாள், சிரிக்கவும் செய்தாள்.

"அப்பாடா" என்றாள். "நான் எவ்வளவு பயந்துட்டேன் தெரியுமா அண்ணி? ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து ஒரு தடவை யாரையாவது திட்டினீங்களா? அந்தக் கறை போகாத சட்டைக்காரர் வந்தப்போகூட 'வாங்க, உக்காருங்க'ன்னு சிரிச்சீங்க! அண்ணனைக் கேட்டா கூரையைப் பார்க்கறார். உங்களுக்குப் பெரிசா என்னமோ ஆயிடுச்சு, ஆபரேஷன்ல ஏதோ தப்பாகி எல்லாரும் சேர்ந்து என்கிட்ட மறைக்கறீங்கன்னு நினைச்சேன். இந்த ஆபரேஷனே வேணாம்னுதான் பெட்டி கட்டினேன். அன்னைக்கு நீங்க பாடினதும் எனக்கு ஈரக்குலையே நடுங்கிடுச்சு."

"நீ பயப்படக் கூடாதுன்னுதாண்டி மூஞ்சி வலிக்கச் சிரிச்சேன்!"

"சிரிச்சுதான் என்னைப் பயமுறுத்தினீங்க. நல்லா வாய் விட்டுத் திட்டியிருந்தா அன்னைக்கே நிம்மதியாத் தூங்கியிருப்பேன்."

இன்னும்கொஞ்சம் மெல்லக் காலை விட்டாள். எனக்கு வந்த கோபத்தில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். முகம் கழுவ வேண்டும், இந்த இருவரையும் விட்டு நகர வேண்டும், அவ்வளவுதான் நினைப்பு. தொட்டி வரை போய் முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி நடந்தேன்.

நாத்தனார் குனிந்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, கால் நேரா இருக்கு."

"பின்னே? அதுக்குத்தானே அறுத்தாங்க."

"நடக்கறீங்க. சாய்ஞ்சு சாய்ஞ்சு நடப்பீங்களே, அது இல்ல. நேரா நடக்கறீங்க." "இத்தனை நாளா உங்க மூஞ்சியவே பார்த்துக்கிட்டிருந்துட்டேன் அண்ணி. காலைப் பார்க்கவே இல்ல."

நானும் குனிந்து பார்த்தேன். வலியிலும் நடிப்பிலும் நானே கவனிக்கவில்லை. வளைவு போன இடம் தெரியவில்லை.

அவள் இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். மகனை வரச் சொல்லிக் கிளம்பத்தான் போகிறாள் என்று நினைத்தேன்.

"ஏம்பா, லீவு போட்டுட்டியா? சரி, வா. கூட்டிட்டுப் போக இல்ல. எனக்கு ஆபரேஷன். ஆமா, ரெண்டு முட்டியும். அத்தைக்கு இன்னும் ரொம்ப நேரம் நிக்க முடியாது, மாமாவுக்கு இஸ்திரி போட வராது. நீதான் வந்து கடையில நிக்கணும்."

அந்தப் பக்கம் அவன் ஏதோ கேட்டான்.

"வலிக்காமலா இருக்கும்? அத்தை போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டுச்சுடா" என்றாள், என்னவோ நான் பரிசு வாங்கிய மாதிரிப் பெருமையாக. கொஞ்ச நேரம் அவன் பேசுவதைக் கேட்டாள். பிறகு, "பரவாயில்லடா. வலிச்சா வலிச்சுட்டுப் போகுது. இவங்களை விட்டுட்டு நான் எங்க வர்றது?" என்றாள்.

நான் ஓவென்று அழுதுவிட்டேன். துணி வாங்க வந்தவர்கள் மறுபடியும் திரையை விலக்கிப் பார்த்தார்கள்.