வெட்டு விழுந்த டயர்

கடைக்காரர் யாகப்பன் இரண்டு டயர்களைச் சுவரில் சாய்த்து வைத்தார். சேலத்து டயர் கடைக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம், ஐப்பசி மாதம். ஒரு டயர் வழுவழுவென்று மொட்டையாக இருந்தது. மற்றது லாரிக்குப் போடுவது, விரல் நுழையும் ஆழத்துக்குக் கட்டம் கட்டமாக வெட்டு விழுந்திருந்தது.

"மாட்டு வண்டிக்கு மொட்டை டயர்தாம்மா தோது. லாரியில சக்கரமே சுத்தித் தள்ளுது, அது மண்ணைக் கவ்வணும். உங்க வண்டிய இழுக்கறது மாடு. சேத்துல இந்த வெட்டெல்லாம் களிமண் அடைச்சுக்கிட்டு மாட்டைக் கொல்லும்" என்றார்.

நியாயம்தான் என்று எனக்கே தெரிந்தது. எங்கள் வீட்டுக்காரரும் தலையை ஆட்டினார். ஆனால் மொட்டை டயர் வசந்தாமணி வண்டியில் இருக்கிறது. அவளிடம் இருப்பதையே வாங்கிக்கொண்டு அவள் பின்னால் போகவா இத்தனை தூரம் வந்தேன்?

"வெட்டு இருக்கறதையே குடுங்க" என்றேன்.

வசந்தாமணி என் ஓரகத்தி, கொழுந்தனார் சம்சாரம். ஒரே களம், இரண்டு அடுப்பு. எங்கள் பக்கத்தில் முதல் டயர் வண்டி அவர்களுடையதுதான். இரும்புப் பட்டை போட்ட எங்கள் வண்டி நாலு காடு தள்ளியே கடகடக்கும். அவள் வண்டி வந்து நிற்பதே தெரியாது. என் மகள் ராசாத்தி கல்யாணத்துக்கு அதைத்தான் கேட்டு வாங்கினோம். பெண் எப்படி என்று ஒருத்தரும் கேட்கவில்லை, வண்டி யாருடையது என்றுதான் கேட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. வசந்தாமணி பெருமை அடித்திருந்தாலாவது நாலு வார்த்தை பேசித் தீர்த்திருப்பேன். அவள் வாயே திறக்கவில்லை.

அவளுக்குப் பிள்ளை இல்லை. என்னிடம் இருந்து அவளிடம் இல்லாத ஒன்று ராசாத்தி மட்டும்தான். இதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. நினைக்காத நாளும் இல்லை.

ராசாத்திக்கு ஏழாம் மாதம் பிறந்ததும், கட்டுச்சோறு கொண்டுபோய் அவளைப் பிரசவத்துக்கு அழைத்துவர மல்லசமுத்திரம் கிளம்பினோம். புது டயர் வண்டியில் நாங்கள் இருவரும் போக, சோற்றுப் பாத்திரங்களை வசந்தாமணியின் வண்டியில் ஏற்றிப் பின்னால் வரச் சொன்னேன். சம்பந்தி வீட்டில் வளையல் போடும் நேரம் வந்தது. "நீ போயி ரசத்தைப் பாரு" என்று அவளை அடுப்படிக்கு அனுப்பினேன். "சரிங்கக்கா" என்று போய்விட்டாள். ராசாத்தி ஒவ்வொரு வளையலுக்கும் அடுப்படி வாசலையே பார்த்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

மகளை என் வண்டியில் ஏற்றியபோது தெருவே நின்று பார்த்தது. ஈர மண்ணில் டயரின் வெட்டு அச்சு அச்சாகப் பதிந்ததை ஒரு பெரியவர் குனிந்து பார்த்தார். எனக்கு அது போதும் என்றிருந்தது.

ஏரிக்கரை தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அங்கே அரை மைலுக்கு ஒட்டுக் களி. முதலில் வெட்டுக்குள் களி அடைத்தது, பிறகு அதன்மேலேயே அப்பியது. சக்கரம் பெருத்து வண்டிக் கட்டையில் உரசி நின்றது. மாடுகள் முட்டி போட்டன. கூண்டு ஒழுகி ராசாத்தி நனைந்தாள். வீட்டுக்காரர் கடப்பாறையால் ஒரு சக்கரத்தைச் சுரண்ட, நான் ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டு மறு சக்கரத்தடியில் உட்கார்ந்தேன்.

வசந்தாமணியின் வண்டி ஓரமாக ஒதுங்கி எங்களைத் தாண்டிப் போய் நின்றது. அதன் சக்கரத்தில் ஒட்டிய களி தானாக வழுக்கி விழுந்தது.

"அக்கா, புள்ளைய இதுல ஏத்தியுடுங்க. நனையறா பாருங்க."

"என்ற புள்ளைய ஊடு கொண்டு சேக்க எனக்குத் தெரியும்."

அந்த வண்டியை ஓட்டி வந்த கொழுந்தனார் மாட்டை அதட்டவில்லை. அப்படியே மழையில் நின்றார்கள். நான் ஒரு வெட்டைத் தோண்டி முடித்து அடுத்ததற்குப் போனேன். இன்னும் எத்தனையோ இருந்தன.

"இடுப்பு நோவுதுங்கம்மா" என்றாள் ராசாத்தி. "நான் சின்னம்மாகூடப் போறனுங்க."

என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள். அப்பன் தோளைப் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினாள். வசந்தாமணி இரண்டு கையையும் நீட்டி அவளை ஏற்றிக்கொண்டாள். மடியில் தலையைச் சாய்த்து, முந்தானையால் துவட்டினாள். ராசாத்தி கண்ணை மூடினாள். என் மடியில் அவள் அப்படிப் படுத்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று எனக்கு நினைவு வரவில்லை.

"நீயும் ஏறிக்க புள்ள" என்றார் வீட்டுக்காரர். "நான் வண்டியக் கொண்டாரேன்."

முன் வண்டி கிளம்பாமல் நின்றது. வசந்தாமணி காலி அண்டாவைத் தள்ளிவிட்டுப் பக்கத்து வைக்கோலைத் தட்டிக் காட்டினாள்.

"வாங்கக்கா."

நான் குச்சியை அடுத்த வெட்டுக்குள் விட்டுத் தோண்டினேன். மழைத் தண்ணீர் கண்ணுக்குள் இறங்கியது. ராசாத்தியின் தலை அலுங்காமல் ஒரு கையால் தாங்கிக்கொண்டு, வசந்தாமணி இன்னும் வைக்கோலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.