இரவல் போன வலி

ஒருத்தர் வலியை இன்னொருத்தர் எடுத்துக்கொண்டு போக முடியுமா? முடியாது என்றுதான் சொல்வீர்கள். குருவியும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

குருவி என்பது அலுவலகத்தில் அவளுக்கு விழுந்த பெயர். விசைப்பலகையில் அவள் விரல்கள் விழுகிற சத்தம், தகரத்தில் சிந்திய தானியத்தைக் குருவி கொத்துகிற மாதிரி இருக்குமாம். நோயாளியைப் பார்த்து முடித்த கையோடு மருத்துவர்கள் வாய்க்குள்ளேயே மென்று விழுங்கிப் பதிவு செய்கிற குறிப்புகளைக் காதில் வாங்கி எழுத்தாக அடித்துக் கொடுப்பது அவள் வேலை. காலடியில் ஒரு பெடல் இருக்கும். மிதித்தால் மருத்துவர் பேசுவார். காலை எடுத்தால் கப்சிப். "டாக்டருங்கள மிதிச்சுப் பேச வைக்கிறவ நான்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

அவள் கணவனுக்கும் அதே நிறுவனம்தான். அவளைப் போன்றவர்கள் அடித்ததைப் படித்துப் பிழை பார்ப்பவன். சிவப்புப் பேனா என்று அவனுக்குப் பெயர். கால்புள்ளி தவறினால் அரை மதிப்பெண் குறைப்பான், மருந்தின் பெயர் தவறினால் ஐந்து. ஆனால் வலது என்று வர வேண்டிய இடத்தில் இடது என்று வந்துவிட்டால் முழுசாகப் பூஜ்யம்தான். சொந்தப் பெண்டாட்டி என்றும் பார்க்கமாட்டான். அவளுக்கே இரண்டு முறை பூஜ்யம் போட்டிருக்கிறான். "நல்லாயிருக்கிற கண்ண அறுத்துட்டாங்கன்னா யார் பதில் சொல்றது?" என்பான். அவளுக்கு அதில் கோபம் வந்ததில்லை. உள்ளூரப் பெருமைதான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அலுவலகம் இருந்த மாடியைக் காலி செய்துவிட்டு, இனி எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இருந்த இரண்டு அறையில் படுக்கையறை மேசை அவனுக்கு, சாப்பாட்டு மேசை அவளுக்கு என்று ஆயிற்று. சாப்பாட்டு மேசை நாற்காலி இருபது நிமிடம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போவதற்குச் செய்தது. அதில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்தால் என்ன ஆகும்? முதல் வருடம் இடுப்பு, இரண்டாம் வருடம் கழுத்து. மூன்றாம் வருடம் வலி வலது கையில் இறங்கியது. முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றி ஊன்றி, சுண்டுவிரலும் அதை ஒட்டிய விரலும் மரத்துப்போக ஆரம்பித்தன.

தெருமுனை மருத்துவர் முழங்கையைத் தட்டிப் பார்த்துவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார். "நரம்பு நசுங்குதும்மா. உக்கார்ற விதத்த மாத்துங்க. இப்படியே ஆறு மாசம் போனா விரல் பலம் போயிடும், அப்புறம் டைப் அடிக்கிறத மறந்துட வேண்டியதுதான்."

குருவிக்கு அந்தப் பத்து விரலை விட்டால் வேறு தொழில் தெரியாது.

இந்த நேரத்தில்தான் நிறுவனம் ஒரு நல்ல காரியம் செய்தது. வீட்டில் வேலை பார்த்து உடம்பு கெட்டவர்களுக்குக் கைப்பிடி ஏற்றி இறக்குகிற, இடுப்பைத் தாங்குகிற நாற்காலி தருவதாக அறிவித்தது. வலியை விவரமாக எழுதி அனுப்ப வேண்டும். உடலியக்கச் சிகிச்சை தருகிற பிசியோ ஒருவர் படித்துப் பார்த்து முடிவு செய்வார். ஒரு வீட்டில் இரண்டு பேர் வேலை பார்த்தாலும் வீட்டுக்கு ஒன்றுதான்.

அன்றைக்கு மதிய இடைவேளையில் சாப்பிடக்கூடப் போகாமல் குருவி உட்கார்ந்து எழுதினாள். பன்னிரண்டு வருடமாக ஊரார் வலியை எல்லாம் மருத்துவர் சொல்லச் சொல்ல அடித்தவள். சொந்த வலியைச் சொந்த வார்த்தையில் எழுதியது அதுதான் முதல் தடவை. எழுதி முடித்ததும் மனசு லேசான மாதிரி இருந்தது. பழக்கதோஷம் பாருங்கள், நேராக அனுப்பாமல் கணவனுக்குத் தள்ளிவிட்டாள். "என்னங்க, பிழை பாத்து அப்படியே அனுப்பிடுங்க. எனக்கு ஷிஃப்ட் ஆரம்பிச்சிடுச்சு."

"சரி குருவி" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பத்து நாள் கழித்து நாற்காலி வந்து இறங்கியது. மேலே ஒட்டியிருந்த விலாசச் சீட்டில் அவன் பெயர் இருந்தது.

"உன்னோடத தள்ளிட்டாங்க குருவி. நானும் சும்மா ரெண்டு வரி போட்டு வச்சிருந்தேன், அது எப்படியோ ஏறிடுச்சு. என்ன செய்யிறது, விதி" என்றான். "நீயும் உக்காரு. மாத்தி மாத்தி உக்காந்துக்கலாம்."

மாற்றி மாற்றி எங்கே உட்காருவது? இரண்டு பேருக்கும் ஒரே நேரம்தான் ஷிஃப்ட். முதல் வாரம் மதியத்தில் அரை மணி நேரம் அவளுக்குக் கிடைத்தது. இரண்டாம் வாரம் அதுவும் நின்றுபோனது. "உன் உயரத்துக்கு இறக்கிட்டு மறுபடி ஏத்துறதுக்குள்ள என் இடுப்பு போயிடுது" என்றான். மாடி வீட்டிலிருந்து இறங்கி வந்த நாத்தனார் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"என் தம்பி இப்பத்தான் ஆபீசர் மாதிரி இருக்கான். ஏன்டி, உனக்கும் ஒண்ணு வாங்கிக்க வேண்டியதுதானே?"

"எனக்குத் தரலைங்க அண்ணி. வலி பத்தலையாம்."

"உக்காந்த இடத்துல வேல. அதுக்கு என்னடி வலி? நான் நாள் முழுக்க நிக்கிறேன், எனக்கு யாராவது நாற்காலி குடுத்தாங்களா?"

"உங்களுக்குக் குடுத்தா நீங்க உக்காரணுமே அண்ணி. அப்புறம் யாரு வீடு வீடா போயி விசாரிக்கிறது?"

நாத்தனார் சிரித்துவிட்டாள். குருவியும் சிரித்தாள். ஆனாலும், தன் வலி பற்றவில்லை என்று யாரோ முகம் தெரியாதவர் முடிவு கட்டிவிட்டது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. நாம்தான் மிகைப்படுத்துகிறோமோ என்றுகூட நினைக்க ஆரம்பித்தாள். டம்ளர் கை நழுவி விழுந்தபோது, வலியைப் பார்க்காமல் தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஒரு நாள் காலை பதினோரு மணி இருக்கும். ஒரு மருத்துவர் இருமல் நடுவே ஏதோ சொன்னது விளங்காமல் குருவி பெடலிலிருந்து காலை எடுத்தாள். காதில் அமைதி. அப்போது படுக்கையறையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. கணவனின் கணினியில் பிசியோ மேடம் வீடியோவில் வந்திருந்தார். நாற்காலி வாங்கியவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரிக்கிற அழைப்பு அது.

"நூத்துக்கணக்குல படிச்சேன் சார். உங்களோடது மட்டும் மனசுலயே நின்னுடுச்சு. 'சாயங்காலம் ஆனால் இந்த இரண்டு விரலும் யாரிடமோ இரவல் வாங்கியவை போல இருக்கின்றன. என் கையில் இருந்துகொண்டே எனக்கு அந்நியமாக இருக்கின்றன. முழங்கையை மேசையில் வைத்தால் குளிர்ந்த கம்பியை உள்ளே இழுப்பது போல இருக்கிறது.' எவ்வளவு தெளிவா எழுதியிருக்கீங்க!"

குருவி தலையிலிருந்து காதுக்கருவியைக் கழற்றினாள்.

"ஆமா மேடம்" என்றான் அவன். "அனுபவிக்கிறவனுக்குத்தானே தெரியும்."

"வலது கைதானே?"

"ஆமா மேடம். வலது."

"ஆனா மவுஸ் இடது கைல பிடிச்சிருக்கீங்களே?"

"அது வந்து... வலி வந்தப்புறம் மாத்திக்கிட்டேன் மேடம்."

"ரொம்ப நல்லது. அப்படித்தான் செய்யணும்."

மாற்றிக்கொண்டானாம்! பிறந்ததிலிருந்து இடது கைக்காரன் அவன். கல்யாணப் பதிவேட்டில்கூட இடது கையால்தான் கையெழுத்துப் போட்டான். அன்றைக்கு அவன் முழங்கை இடித்து அவள் கையெழுத்து கோணிப்போனது. ஊர் முழுக்க வலது இடதுக்குப் பூஜ்யம் போடுகிறவன், தன் பெயரில் அனுப்பிய காகிதத்தில் வலது என்ற சொல்லைத் திருத்த மறந்துபோனான். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறான்.

அழைப்பு முடிகிறவரை குருவி படுக்கையறை வாசலில் நின்றாள். அவன் திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டான்.

"அது என்னோடதுங்க."

"குருவி, நான் சொல்றத கேளு."

"தள்ளிட்டாங்கன்னு சொன்னீங்க. அனுப்பவே இல்லையா?"

அவன் கீழே பார்த்தான். "வீட்டுக்கு ஒண்ணுதானேம்மா குடுக்குறாங்க. எனக்கும் முதுகு வலிதான். எழுதிப் பாத்தேன், ரெண்டு வரிக்கு மேல வரல. உன்னோடத படிச்சா எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. இத படிச்சா யாரும் இல்லைன்னு சொல்லமாட்டாங்கன்னு தோணுச்சு. நாற்காலி வீட்டுக்குத்தானே வருது, யார் பேர்ல வந்தா என்னன்னு..."

"கண்ணு கலங்குச்சா?"

"சத்தியமா."

"கண்ணு கலங்கினப்புறமா பேர மாத்தினீங்க?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். போய்ச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பெடலை மிதித்தாள். மருத்துவர் இருமிக்கொண்டே விட்ட இடத்திலிருந்து பேசினார். அவள் அடித்தாள். கண்ணீர் வருமென்று பார்த்தாள், வரவில்லை. நாற்காலி போனதுகூடப் பெரிதில்லை. தன் வலி பொய்யோ என்று தன்னையே சந்தேகப்பட்டு ஒரு மாதம் கிடந்தாளே, அதையும் இவன் எதிரே உட்கார்ந்து சோறு பிசைந்துகொண்டே பார்த்திருக்கிறான். அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

மறுநாள் காலை அவளே பிசியோ மேடத்தை வீடியோவில் அழைத்தாள். தன் பெயரையும் பணி எண்ணையும், இன்னாருடைய மனைவி என்பதையும் சொன்னாள்.

"சொல்லுங்கம்மா, எங்க வலி? எப்படி இருக்கு?"

குருவி வாயைத் திறந்தாள். வேறு வார்த்தை வரவில்லை. "சாயங்காலம் ஆச்சுன்னா இந்த ரெண்டு விரலும் யார்கிட்டயோ இரவல் வாங்கின மாதிரி..."

மேடம் கையை உயர்த்தி நிறுத்தினார். முகம் மாறிவிட்டது. "அம்மா, இது உங்க வீட்டுக்காரர் எழுதினது. அவர் எழுதினத மனப்பாடம் பண்ணிச் சொன்னா நான் என்ன செய்ய முடியும்? உங்களுக்கு எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

தன் கையைப் பற்றித் தன் வார்த்தையில் சொன்னவளைப் பார்த்து, திருடினாயா என்று கேட்டால் எப்படி இருக்கும்? குருவிக்குக் காது சூடாகிப்போனது. அழைப்பைத் துண்டித்துவிடலாமா என்று நினைத்தாள். கை, பொத்தான்வரை போயும் விட்டது. அப்புறம் அந்தக் கையைப் பார்த்தாள்.

"எனக்குச் சொல்ல வரல மேடம். நீங்களே சோதிச்சுப் பாத்துக்குங்க."

மேடம் யோசித்தார். "சரி. ஒரு காகிதத்த எடுத்து வலது கை கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவுல பிடிங்க. கட்டைவிரல் மடங்கக் கூடாது, நேரா இருக்கணும். இப்ப இடது கையால அத இழுங்க."

இழுத்தாள். கட்டைவிரல் தானாக மடங்கியது. காகிதம் நழுவிவிட்டது.

"இன்னொரு தடவ."

மறுபடியும் நழுவியது. மூன்றாம் தடவை குருவி பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தாள். காகிதம் எந்தச் சிரமமும் இல்லாமல் உருவிக்கொண்டு வந்தது. கையை மாற்றி இடதில் பிடித்தபோது, அதே காகிதம் கிழிந்ததே தவிர நழுவவில்லை.

மேடம் பழைய விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "உங்க வீட்டுக்காரர் விண்ணப்பத்துலயும் வலதுன்னுதான் இருக்கு. நான் இத எழுதியாகணும்மா. வலது யாரோடது?"

படுக்கையறை வாசலில் அவன் வந்து நின்றிருந்தான். கணினியின் கண்ணில் படாத இடம். வேண்டாம் என்று தலையை ஆட்டினான். பொய் விண்ணப்பம் என்று தெரிந்தால் வேலையிலேயே கைவைப்பார்கள் என்பது இருவருக்கும் தெரியும். கையைக் கூப்பிக்கூட நின்றான்.

குருவி அவனைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வலது என்னோடது மேடம். எழுதினதும் நான்தான்."

மேடம் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. "சரிம்மா. நாற்காலி விஷயம் விசாரிச்சு முடிய நாளாகும். அதுவரைக்கும் கைய கெடுத்துக்காதீங்க. மேசை விளிம்புல துண்ட மடிச்சு வைங்க, முழங்கை ஊன்றவே கூடாது. இடுப்புக்குப் பின்னால ஒரு தலையணை. கால் தொங்கினா கீழ ரெண்டு தடிப் புத்தகம். அரை மணிக்கு ஒரு தடவ எந்திரிச்சு கைய உதறிட்டு நடங்க. என்ன?"

"சரி மேடம்."

"இப்ப உக்காருங்க, பாக்கலாம். இந்தக் கேமரால முழங்கை தெரியல. ரொம்ப மடங்கியிருக்கான்னு பக்கவாட்டுலருந்து யாராவது பாத்துச் சொல்லணுமே. வீட்ல யாராவது இருக்காங்களா?"

அவன் ஓரடி முன்னால் வந்தான்.

"யாரும் இல்ல மேடம்" என்றாள் குருவி. "கண்ணாடி இருக்கு. ஒரு நிமிஷம்."

எழுந்து போய் ஆணியில் மாட்டியிருந்த முகக் கண்ணாடியைக் கழற்றி எடுத்துவந்தாள். இடது கையால் மேசையில் நிறுத்தி, தண்ணீர்க் குவளையை அண்டக் கொடுத்தாள். உட்கார்ந்து பார்த்தபோது கண்ணாடியில் அவள் முழங்கையும் தெரிந்தது, அதற்குப் பின்னால் வாசலில் நிற்கிறவனும் தெரிந்தான். அவள் கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். முழங்கை மட்டும் தெரிகிற இடம் வந்ததும் நிறுத்தினாள்.

"இப்ப சொல்லுங்க மேடம்" என்றாள்.