அதிபர் வராத வாரம்

வியாழக்கிழமையும் காலை ஏழு மணிக்கு அருளப்பு சேர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு நாவற்குடா வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். போக இடமில்லை என்பது அதன் பிறகுதான் நினைவுக்கு வந்தது. வாவிக்கு அக்கரையில், படுவான்கரைப் பாடசாலை ஒன்றில் பதினான்கு வருடமாக அதிபர் அவர். அங்கேயே படிப்பிக்கும், அதிபர் பயிற்சிக்குத் தெரிவான கஜானி டீச்சர் இந்த ஒரு வாரம் பாடசாலையைத் தனியாக நடத்த வேண்டும், அதிபர் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று பயிற்சி தருபவர்கள் சொல்லியிருந்தார்கள்.

மனிதருக்கு இது பிடிக்கவேயில்லை. மணியடிப்பதிலிருந்து மலசலகூடத்துச் சாவி வரை எல்லாவற்றையும் தன் கைக்குள்ளேயே வைத்திருந்து, அதற்குப் பொறுப்பு என்று பெயரும் சூட்டியிருந்தவர். எதற்கெடுத்தாலும் அவரைக் கேட்டுக் கேட்டே மற்ற ஆசிரியர்களுக்கு முடிவெடுக்கும் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

பத்து மணிக்குக் காற்றும் மழையும் பிடித்துக்கொண்டன. பாதிப் பிள்ளைகள் வாவியோர ஒற்றையடிப் பாதையால் வீடு போகிறவர்கள். மழை பெருத்தால் தண்ணீர் அந்த வழியை மூடிவிடும். அப்படியான நாட்களில் பெற்றோருக்கு அறிவித்து, ஒவ்வொரு பிள்ளையாக ஒப்படைப்பது அதிபரின் வேலை. கஜானிக்கு அழைத்தார். லைன் பிசியாகவே இருந்தது. பெற்றோரின் நம்பர் எழுதிய கொப்பி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியுமோ என யோசித்தார். அந்தக் கொப்பி அவருடைய பைக்குள்ளேயே கிடந்தது.

மோட்டார் சைக்கிளில் துறைக்குப் பறந்தார். ஆட்களை அக்கரைக்கு ஏற்றும் மிதவையைக் காற்றுக்குப் பயந்து கட்டிப்போட்டிருந்தார்கள். பாலத்தால் சுற்றிப் போக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆயிற்று. வழி நெடுக மாதாவை மன்றாடிக்கொண்டே போனார்.

பாடசாலையில் பிள்ளைகளின் சத்தமே இல்லை. கஜானி மட்டும் யன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

"புள்ளையள் எங்க?"

"எல்லாரையும் ஊட்டாக்கள் வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க சேர்."

"நம்பர் கொப்பி என்னட்டத்தானே கிடக்கு?"

"சேர் இல்லாட்டி என்னெல்லாம் நிண்டுபோகும் எண்டு எழுதிப் பாக்கச் சொன்னாங்க, பயிற்சியில. முதலாவதா அந்தக் கொப்பிதான் வந்திச்சு. திங்கக்கிழமையே எல்லாப் புள்ளைட கொப்பிப் பின்னட்டையிலயும் ஊட்டு நம்பர எழுதுவிச்சன். இண்டைக்கு ஒவ்வொரு டீச்சரும் தங்கட வகுப்புப் புள்ளையள்ட ஊட்டுக்குப் போன் அடிச்சாங்க."

அருளப்பு அப்படியே பக்கத்திலிருந்த மர வாங்கில் உட்கார்ந்தார். நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. தான் இல்லாமலும் நடந்துவிட்டதே என்று கொஞ்சம் வலிக்கவும் செய்தது. அந்தப் பட்டியலில் எத்தனை விசயம் வந்தது என்று கேட்டார். கஜானி தயங்கித் தயங்கி, இருபத்திமூன்று என்றாள்.

அவர் பையைத் திறந்தார். நம்பர் கொப்பியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"இருவத்திமூண்டையும் நான் பெரும எண்டுதான் நினைச்சிருந்தன், டீச்சர். நான் இல்லாட்டிப் பள்ளிக்கூடம் நிண்டுபோகுமெண்டா, அது என்ட கெட்டித்தனமில்ல. ஒருத்தரையும் பழக்காம உட்ட என்ட பிழை. அடுத்த ஆளப் பழக்கி வெக்கிறவன்தான் அதிபர். நாளைக்கும் நான் வரமாட்டன்."