கிளெக் மாஸ்டரின் ஓரவஞ்சனை

1908-இல் கடற்கரைப் பாட்டுப் போட்டியில் ஸ்டேன்கிராஃப்ட் தேவாலயக் குழு கடைசியாக வந்தது. உச்சக்குரல் பெண்கள் சுருதி இறங்குகிறார்கள் என்று நடுவர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். ஊர் மானமே கப்பலேறியது. இனி ஒவ்வொருவரையும் திரைக்குப் பின்னால் நிறுத்தி, பெயர் சொல்லாமல் சீட்டு எண்ணை மட்டும் வைத்துக் குரல் பார்க்க வேண்டும் என்று கமிட்டி முடிவு செய்தது.

"ஓரவஞ்சனை இருக்கக் கூடாது பாருங்க," என்ற செயலாளர் டார்டாஃபின் கண், பாட்டு மாஸ்டர் ஹெர்பர்ட் கிளெக்கின் மேலேயே இருந்தது.

ஏன் இருக்காது? ஹெர்பர்ட்டின் மனைவி லவீனியா கல்யாணமான நாளிலிருந்து உச்சக்குரல் முதல் வரிசையில் நிற்பவள். அங்கிருந்துதான் ஞாயிறுதோறும் ஒரு குரல் மேலே ஏறி, நடுங்கி, சறுக்கி விழும். அது தன் வீட்டுக்காரியின் குரல் என்பதில் ஹெர்பர்ட்டுக்குச் சந்தேகமே இல்லை. சொல்லத்தான் வாய் வந்ததில்லை. வாரமெல்லாம் தறி இரைச்சலில் நிற்கிறவள், வீட்டில் ஒரு வரி முணுமுணுக்க மாட்டாள். அவளுக்கு இருப்பதே அந்த வரிசை ஒன்றுதான். அதையும் பிடுங்கிவிட்டு அவள் முகத்தில் எப்படி முழிப்பது?

தேர்வன்று அறையின் குறுக்கே கம்பளிப் போர்வையைக் கட்டினார்கள். ஐந்தாம் எண் பாடியது. தெளிவான குரல்தான், ஆனால் உச்சியை எட்டாமல் பாதியில் நின்றுவிட்டது.

"தாழ்குரல் வரிசைக்குப் போகட்டும்," என்றார் ஹெர்பர்ட், ஈவிரக்கமில்லாமல்.

ஒன்பதாம் எண் பாடியது. அதே நடுக்கம், அதே சறுக்கல். கடவுள் மன்னிக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு, "முதல் வரிசை," என்றார் ஹெர்பர்ட். டார்டாஃப் தன் காதைத் தேய்த்துக்கொண்டார்.

போர்வையை விலக்கினார்கள். ஒன்பதாம் சீட்டை ஆட்டிக்கொண்டு பூரிப்போடு வந்தவள், எப்போதும் லவீனியாவின் பக்கத்தில் நிற்கும் ரொட்டிக்கடை சக்டன் அம்மாள். ஐந்தாம் சீட்டோடு நின்றவள் லவீனியா.

வீட்டுக்கு வந்ததும் ஹெர்பர்ட் நடந்ததை ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டார். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

"ஏங்க, அந்தக் காக்கா கத்தலையா இத்தனை வருஷமா என் குரல்னு நெனச்சீங்க?"

"ஆமா."

"நெனச்சும் ஒரு வார்த்தை சொல்லலையே?"

"கேட்டுக் கேட்டு எனக்கு அது பிடிச்சே போச்சு, லவீனியா."

அவள் சிரித்துவிட்டாள். "நல்ல மனுஷன் போங்க! பொண்டாட்டியைத் துரத்திட்டு சக்டன் பொம்பளையக் காப்பாத்தியிருக்கீங்க."

"நாளைக்கே போய் மாத்திடறேன்."

"ஒண்ணும் வேணாம். யாருன்னு தெரியாம சொன்னீங்களே, அதான் நெசம். மேல எட்டலைன்னு எனக்கே தெரியும். அந்த இடம் வந்தா சும்மா வாயை அசைப்பேன். சக்டன் போடுற சத்தத்துல எவனுக்குத் தெரியும்? உங்ககிட்ட சொல்லத்தான் பயமா இருந்துச்சு."

அடுத்த ஒத்திகையில் லவீனியா தாழ்குரல் வரிசையில் நின்றாள். ஒளிக்க எதுவும் இல்லாததால் தொண்டையைத் திறந்து பாடினாள். கனத்த, இதமான குரல். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் அதை முழுசாகக் கேட்டது அன்றுதான். ஹெர்பர்ட்டுக்குக் கண் நிறைந்துவிட்டது. தாளம் காட்டிக்கொண்டிருந்த கை அந்தரத்தில் நின்றது. தாளம் தப்பிக் குழு ஆளுக்கொரு பக்கம் ஓடியது.

"என்னை அப்புறம் பாத்துக்கலாம், கையை ஆட்டுங்க!" என்று தாழ்குரல் வரிசையிலிருந்து ஓர் அதட்டல் வந்தது.