அறுவடை முடியும்வரை ஓட்ட அனுமதி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதம் கௌரவமானதல்ல. தானியக் கிடங்கில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவருடைய பெயரை மாவட்ட நீதிமன்றத்தின் பொதுக் கணினியில் போட்டுப் பார்த்தேன். யாரும் பார்க்கச் சொல்லவில்லை. வண்டிக்கு நம்பர் பலகை வாங்க அதே கட்டடத்துக்குப் போயிருந்தேன். வரிசை நீளமாக இருந்தது. எதிர் அறையில் கணினி சும்மா இருந்தது. இங்கே யாருடைய வழக்கையும் யாரும் பார்க்கலாம். அடையாள அட்டைகூடக் கேட்கமாட்டார்கள்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாக அவர் மேல் ஒரு பழைய வழக்கு இருந்தது. கோப்பைக் கேட்டேன், கொடுத்தார்கள். உள்ளே ஒரு கடிதம். இவர் நல்லவர், அறுவடை முடியும்வரையாவது ஓட்டுநர் உரிமத்தைப் பறிக்க வேண்டாம் என்று நீதிபதிக்கு எழுதி, அக்கம்பக்கத்தார் பதினொரு பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். அழகான கடிதம்.

மறுநாள் காலை அவர் முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்ல முடியவில்லை. அவர் குடியை விட்டுப் பல வருடமாகிறது. நான்தான்—

(இதை முடிக்கத் தெரியவில்லை. அப்படியே இருக்கட்டும்.)

கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஆட்கள், பெயர்கள், சாவு எல்லாம் கற்பனை.

2

முதல் தொடக்கம்: ‘மார்லிஸ் ஹால்வர்சன் நீதிமன்றப் படிகளில் ஏறியபோது வானம்’

வேண்டாம். அவள் வானத்தைப் பார்த்து நான்கு மாதமாகிறது.

இரண்டாவது: ‘மார்லிஸுக்கு ஒரே மகள்.’ உண்மைதான். ஆனால் இதை முதலில் சொன்னால் நீங்கள் அவளை அந்த வரியிலேயே மன்னித்துவிடுவீர்கள். அதற்கு இன்னும் நேரமிருக்கிறது.

மூன்றாவது: ‘திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மார்லிஸ் நீதிமன்றத்துக்குப் போனாள். வியாழக்கிழமை தீர்ப்பு. அதற்குள் அவளுக்கு ஒரு காகிதம் வேண்டும்.’

இதை வைத்துக்கொள்கிறேன்.

ஜூன் மாதம், பிற்பகல் நான்கு மணி, இரண்டு சரளைச் சாலைகள் சந்திக்கும் இடம். டுவேன் கோல்ஸ்டாடின் பிக்கப் வண்டி நிற்காமல் வந்து ஆனெட்டின் கார் மேல் மோதியது. ஆனெட் மார்லிஸின் மகள். இருபத்தைந்து வயது. கால்நடை மருத்துவமனையில் வேலை. டுவேன் இவர்களுடைய நிலத்துக்கு அடுத்த நிலத்துக்காரன். போதையில் இருந்தான். குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான். மிச்சமிருப்பது எத்தனை வருடம் என்பது மட்டும்தான்.

அவனுடைய வழக்கறிஞர் இதுவே முதல் குற்றம் என்கிறார். எட்டு வருடத்துக்கு முன்பும் குடித்துவிட்டு ஓட்டி மாட்டினான் என்பது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரிந்தது நீதிபதிக்கு உதவாது. காகிதம் இருந்தால் தண்டனை ஒரு விதம், இல்லாவிட்டால் வேறு விதம். நூலகக் கணினியில் மார்லிஸ் மூன்று நாள் தேடினாள். ‘போதையில் ஓட்டுதல்’ என்ற பிரிவில் அவன் பெயருக்கு எதுவும் வரவில்லை.

3

கவுன்டரில் ஃபெர்ன் இருந்தாள். நீதிமன்ற எழுத்தர். மார்லிஸோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவள். அவளுக்கு எதிரே லைல் என்ற கிழவர் தொப்பியோடு நின்றார்.

“என் நாய் கேஸ் என்னாச்சு ஃபெர்ன்? நானும் மூணு வாரமா நடக்கறேன்.”

“உங்க நாயே இவ்வளவு குரைக்கல லைல். போய் உக்காருங்க, கூப்பிடறேன்.”

லைல் பதில் சொல்லத் திரும்பினார். மார்லிஸைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெளியே போய் நின்றார்.

“ஒரு போன் பண்ணியிருந்தா நானே வீட்டுக்கு வந்திருப்பேனேடி.”

“உனக்குப் போன் பண்ணா நீ அழுவே. நீ அழுதா எனக்கு எரிச்சல் வரும்.”

“நான் எங்கடி அழறேன்? முப்பத்தோரு வருஷமா இந்த இடத்துல நிக்கிறேன். கண்ணு வத்திப்போச்சு.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “சொல்லு.”

“டுவேன் பேரைப் போட்டா ஒண்ணுமே வரல.”

“எதுல தேடினே?”

“குடிச்சிட்டு ஓட்டினதுல.”

ஃபெர்ன் கவுன்டரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்தாள். இங்கே சட்ட ஆலோசனை வழங்கப்படாது. எப்படித் தேடுவது என்று அவள் சொல்லலாம். எதைத் தேடுவது என்று சொல்லக்கூடாது.

“குற்றம் என்னன்னு ஒரு கட்டம் இருக்கும் பாரு, அதைக் காலியா விடு. பேரை மட்டும் போடு. அதுக்கு மேல நான் பேசக்கூடாது.”

மார்லிஸ் அங்கிருந்த பொதுக் கணினியில் பெயரை மட்டும் போட்டாள். மூன்று வரிகள் வந்தன. வேலித் தகராறு. வேட்டைப் பருவம் தப்பி மான் சுட்டது. மூன்றாவது, எட்டு வருடத்துக்கு முந்தைய அக்டோபர், ‘கவனமின்றி ஓட்டுதல்’.

“கவனமில்லாமன்னு போட்டிருக்கு. இது இல்லையே.”

“கோப்பைக் கேளு.”

“இதுல என்ன இருக்கப்போவு—”

“கேளுன்னா கேளேண்டி.”

[அடிக்குறிப்பு. குடிபோதை என்று பதிவாகும் வழக்கு, இரு தரப்பும் பேசி ஒத்துக்கொண்டால், ‘கவனமின்மை’ ஆகிவிடும். நான் வேலை பார்ப்பது தானியத்தின் ஈரப்பதம் அளக்கும் ஆய்வகத்தில். அங்கே சீட்டை மாற்றி ஒட்டினாலும் உள்ளே இருக்கும் ஈரம் மாறாது. இங்கேயும் மாறுவதில்லை. சீட்டைப் படித்துத் தேடுகிறவருக்குத்தான் அது கிடைக்காமல் போகிறது.]

4

டுவேனைப் பற்றி இங்கே ஒரு பகுதி எழுதினேன். கொடியவனாக. சாலையோரம் பாட்டிலை வீசுகிறவனாக, நாயை உதைக்கிறவனாக. படித்துப் பார்த்தால் அந்த ஆள் இந்த ஊர்க்காரனே இல்லை. அழித்துவிட்டேன். டுவேன் பனிக்காலத்தில் யாரும் கேட்காமலே அடுத்த வீட்டு வாசல் பனியையும் சேர்த்து அள்ளிவிட்டுப் போகிறவன். அதனால்தான் இந்தக் கதை கஷ்டமாக இருக்கிறது.

5

கீழ்த்தளத்திலிருந்து ஃபெர்ன் கோப்பைக் கொண்டுவந்தாள். மெலிந்த கோப்பு. நான்கே தாள்.

முதல் தாள், குற்றச்சாட்டு: போதையில் ஓட்டியது. இரண்டாவது, மூச்சுப் பரிசோதனை: 0.19. சட்டம் பொறுத்துக்கொள்வதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மார்லிஸ் அந்த எண்ணின் மேல் விரலை வைத்தாள். கிடைத்துவிட்டது. நான்கு மாதத்தில் முதல்முறையாக அவளுக்கு மூச்சு நெஞ்சுக்குக் கீழே இறங்கியது.

மூன்றாவது தாள், நீதிபதியின் உத்தரவு. ‘அண்டை அயலார் எழுதிய கடிதத்தைக் கருத்தில் கொண்டு’ குற்றச்சாட்டு மாற்றப்படுகிறது, உரிமம் பறிக்கப்படவில்லை.

நான்காவது தாள் அந்தக் கடிதம். தேவாலயத்தின் பெயர் அச்சிட்ட தாளில் தட்டச்சு செய்தது. வேறு யாரோ எழுதியதைப் போலத்தான் மார்லிஸ் படிக்கத் தொடங்கினாள். இரண்டாம் பத்தியில், ‘கேட்காமலே பிறர் வாசல் பனியை அள்ளுகிறவரை வீட்டில் முடக்குவது எங்கள் எல்லோரையும் முடக்குவதாகும்’ என்று வந்தது.

நல்ல வரி. அதற்கு அடுத்த வரி என்னவென்று படிக்காமலே அவளுக்குத் தெரிந்தது.

இந்த வட்டாரத்தில் எழுத வேண்டியதெல்லாம் மார்லிஸிடம்தான் வரும். இரங்கல் குறிப்பு, நன்றி அட்டை, பள்ளிக் குழுவுக்கு மனு. ஞாயிறு வழிபாடு முடிந்து காபி குடிக்கும்போது யாராவது அருகில் வந்து உட்காருவார்கள். “மார்லிஸ், ஒரு நாலு வரி எழுதிக் குடேன்.” எழுதிக் கொடுப்பாள். நூறு எழுதியிருப்பாள். பேருந்து இல்லாத ஊர். உரிமம் போனால் ஒருவன் வயலுக்கே போக முடியாது. அக்கம்பக்கத்தானுக்குக் கையெழுத்துப் போடுவது சாவு வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோவது மாதிரி. யாரும் யோசிப்பதில்லை. அவன் மாட்டினான் என்பது அவளுக்கு நினைவிருந்தது. கடிதத்தை எழுதியது தான்தான் என்பது மறந்துவிட்டது.

“உனக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

“தெரியும். ஒம்பதாவது கையெழுத்து எங்க வீட்டுக்காரரோடது.”

“சொல்லலையே நீ.”

“எப்ப சொல்லச் சொல்றே? ஆனெட்டைக் கொண்டுவந்தப்பவா? அடக்கத்துல பக்கத்துல நின்னப்பவா?”

மார்லிஸ் ஒன்பதாவதைத் தேடினாள். அதற்கு முன் ஏழாவது இருந்தது. பெரிய எழுத்துகள், கோட்டை விட்டு மேலே ஏறிப் போயிருந்தன. ஆனெட் ஹால்வர்சன். அப்போது அவளுக்குப் பதினெட்டு. பெரியவர்களோடு சேர்ந்து கையெழுத்துப் போடும் வயது வந்து சில வாரங்கள்தான் ஆகியிருக்கும்.

“பேனாவை என்கிட்டேருந்து புடுங்கிட்டுப் போச்சு,” என்றாள் மார்லிஸ். “நானும் போடறேன்மா, டுவேன் மாமாவுக்குத்தானேன்னு.”

6

இந்த ஏழாவது கையெழுத்தைப் பற்றி உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

நான் பார்த்த உண்மையான கோப்பில் இப்படி எதுவும் இல்லை. அங்கே யாரும் சாகவும் இல்லை. கையெழுத்தை நான்தான் போட்டேன். மிகையாக இருக்கிறது என்று எடுத்துவிட்டேன். கதை இன்னும் கச்சிதமாயிற்று. ஆனால் மார்லிஸ் அந்தத் தாளில் தனியாக நின்றாள். பார்க்கச் சகிக்கவில்லை. மறுபடி போட்டேன். இப்போது மகள் பக்கத்தில் இருக்கிறாள். ஆனால் இப்போது வேறொன்றும் நேர்ந்துவிட்டது. வியாழக்கிழமை மார்லிஸ் இந்தத் தாளைக் காட்டினால், டுவேனுக்காக மன்றாடியவர்களில் ஆனெட்டும் ஒருத்தி என்று நீதிமன்றத்தில் உரக்கப் படிப்பார்கள்.

துணைக்கு என்று சேர்த்தேன். பாரத்தைக் கூட்டிவிட்டேன்.

7

முடிவுகள்.

அ) மார்லிஸ் நான்கு தாளுக்கும் நகல் கேட்கிறாள். வியாழக்கிழமை எழுந்து நின்று, “இதை எழுதினது நான்” என்கிறாள். எழுதிப் பார்த்தேன். எல்லோரும் அழுதார்கள், டுவேன் உட்பட. எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவள் கூட்டத்தில் பேசுகிறவள் அல்ல. அவளுக்கு எழுதத்தான் தெரியும்.

ஆ) ஃபெர்ன் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்கிறாள். மார்லிஸ் நான்காவது தாளை மடித்துக் கைப்பைக்குள்— இல்லை. ஃபெர்ன் திரும்பமாட்டாள். முப்பத்தோரு வருடத்தில் ஒரு தாளும் அவளிடமிருந்து போனதில்லை.

இ) மூன்று தாளை மட்டும் கேட்கிறாள். ஆனால் மூன்றாவது தாளிலேயே கடிதம் என்ற சொல் இருக்கிறது. எந்தக் கடிதம் என்று நீதிபதி கேட்பார். கோப்பு பொது. யாரும் வரவழைக்கலாம். எழுதியது மார்லிஸ் என்று சொல்லப் பதினொரு பேர் இருக்கிறார்கள். இல்லை, பத்துப் பேர்.

ஈ) கோப்பை மூடிவிட்டு வீட்டுக்குப் போகிறாள். டுவேனுக்கு இதுவே முதல் குற்றமாக இருந்துவிடுகிறது.

நான்கையும் எழுதியபிறகு ஒன்று புரிந்தது. ஒவ்வொன்றிலும் நான் மார்லிஸுக்காக வாதாடிக்கொண்டிருந்தேன். நல்லவள், வேண்டுமென்று செய்யவில்லை, இரக்கம் காட்டுங்கள். நாலு வரி நல்லபடியாக எழுதத் தெரிந்தால் இதுதான் ஆபத்து. படிக்கிறவர்கள் தலையாட்டிவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அவளும் அப்படி ஒன்றைத்தான் எழுதினாள். எட்டு வருடம் கழித்து ஒரு ஜூன் மாதம் பிற்பகல் நான்கு மணி வந்தது.

நான் இன்னொன்றை எழுதித் தரமாட்டேன். எழுத இருப்பது இவ்வளவுதான்:

ஃபெர்ன் நகல் எடுக்கும் இயந்திரத்தைப் போட்டாள். அது சூடாக ஒரு நிமிடமாகும். மார்லிஸ் தாள்களை வரிசையாக அடுக்கினாள். கடிதத்தை அடியில் வைத்தாள். பிறகு எடுத்து மேலே வைத்தாள். மகளுடைய பெயரின் மேல் கட்டைவிரல் படாதபடி ஓரத்தைப் பிடித்திருந்தாள்.

“எழுதினவ நான்,” என்றாள். “அது புள்ள. அதுக்கு என்ன தெரியும்.”

“எனக்குத் தெரியும்டி.”

“இதைப் படிச்சா அதோட பேரையும் படிப்பாங்க இல்ல?”

“படிப்பாங்க.”

வெளியே லைல் இருமுவது கேட்டது. இயந்திரத்தில் பச்சை விளக்கு வந்தது. ஃபெர்ன் கையை நீட்டினாள்.

“எத்தனை தாள் மார்லிஸ்?”

நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். என்னைப் பார்க்காதீர்கள்.