பச்சையில் ஒரு சொட்டுச் சிவப்பு

பழைய பிக்கப் வண்டிக்கு வெளியே பெயிண்ட் அடித்தால் வேடிக்கை பார்க்க நாலு பேர் வருவார்கள். பானெட்டைத் திறந்து உள்ளே அடித்தால் ஈ காக்கை எட்டிப் பார்க்காது. ஆனால் வேலைக்காரனின் லட்சணம் உள்ளேதான் தெரியும் என்பது பெயிண்டரின் கட்சி. நாற்பது வருடத்து எண்ணெய்ப் பிசுக்கை டீசல் ஊற்றிக் கரைத்தார். பல் தேய்க்கும் பிரஷ்ஷை விட்டு இடுக்கு இடுக்காகச் சுரண்டினார். ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எண் எழுதிய டேப்பைச் சுற்றி, மேலே தூக்கிக் கட்டினார். துருவைத் தேய்த்து, பிரைமர் அடித்து, உப்புத்தாள் போட்டு, மறுபடியும் பிரைமர். ஒன்பது நாள், தனி ஆள்.

என்ஜின் ஷெட்டின் மூலையில் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தது. அதை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் புதிதாக்கியவன் மனைவியின் தம்பி, மெக்கானிக். கை வேலை செய்யும். வாய் அதைவிட வேலை செய்யும்.

"மாமா, உள்ள இப்படி மினுக்கி வச்சா என்ஜின் கூச்சப்பட்டுக்கிட்டு ஸ்டார்ட்டே ஆகாது."

"உன் மூஞ்சியையே இத்தனை நாள் பாத்துட்டு இருந்த என்ஜின்டா அது. இனிமே எதுக்கும் அசராது."

இருவரும் சிரித்தார்கள். பத்து மாதத்தில் அந்த ஷெட்டில் கேட்ட நாலாவது சிரிப்போ ஐந்தாவது சிரிப்போ அது. பத்து மாதத்துக்கு முன்னால்தான் அவர் மனைவி இறந்துபோனாள்.

அவளைத் தெருவில் 'தராசு' என்று கூப்பிடுவார்கள். இவர் பெயிண்ட் அடிப்பார், அவள் கலர் கலப்பாள். இருபத்தாறு வருடமும் அப்படித்தான் ஓடியது. எந்த வண்டி வந்தாலும் கதவின் ஓரத்தில் ஒரு நிமிடம் கண் வைப்பாள். பிறகு டின்னைத் திறந்து, அளவும் இல்லாமல் கணக்கும் இல்லாமல், குச்சியால் கலக்கிக்கொண்டே இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம். காய்ந்த பிறகு எது பழசு எது புதுசு என்று அடித்தவருக்கே தெரியாது. "என் பொண்டாட்டி கலந்தா நான் கண்ண மூடிக்கிட்டு அடிப்பேன்" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். அவள் கேட்காத மாதிரி குச்சியைத் துடைப்பாள்.

இந்தப் பிக்கப் மட்டும் வாடிக்கையாளருடையது அல்ல, அவர்களுடையது. பழைய இரும்பு விலைக்கு வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுகச் சிறுக உயிர் கொடுத்தார்கள். வெளிப்பக்கம் முழுவதும் அவள் கலந்த பச்சையில் முடிந்திருந்தது. உள்பக்கத்துக்கென்று ஒரு டின் கலந்து மூடி, மேல் தட்டில் வைத்தாள். அதற்குள் என்ஜினில் கோளாறு வந்தது, பிறகு வேலை நெருக்கடி, பிறகு அவளுக்கே உடம்பு சரியில்லை. டின் தட்டிலேயே இருந்துவிட்டது.

அவள் கலந்ததில் மிச்சம் இருப்பது அந்த ஒரு டின்தான். செய்முறை என்று ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அவளுடைய பச்சை இனி எங்கும் கிடைக்காது. தினமும் அதை அண்ணாந்து பார்ப்பார், தொடமாட்டார். என்ஜினை வண்டிக்குள் இறக்கிவிட்டால் பிறகு உள்ளே அடிக்க முடியாது என்று மைத்துனன் நச்சரித்த பிறகுதான் மனசு வந்தது.

இன்று காலை டின்னை இறக்கினார். நெம்பித் திறந்து, அடியில் தங்கியிருந்ததைக் குச்சியால் சுரண்டி, அரை மணி நேரம் கலக்கினார். மெல்லிய துணியில் வடிகட்டி, தின்னர் சேர்த்து, ஸ்ப்ரே கன்னில் ஊற்றினார். ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் பார்த்துப் பார்த்து ஊற்றினார். மைத்துனன் விளக்கைப் பிடித்தபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

முதல் பூச்சு சீராக விழுந்தது. டிரைவர் காலுக்கு முன்னால் நிற்கும் தடுப்புத் தகடு, பாட்டரி உட்காரும் தட்டு, இரண்டு பக்கச் சுவர்கள். ஒழுகவில்லை, திப்பி இல்லை. பெயிண்டர் முகமூடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். கொஞ்சம் கறுப்பாகத் தெரிந்தது. ஈரத்தில் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டார்.

முக்கால் மணி நேரம் கழித்தும் அப்படியேதான் இருந்தது.

"லைட் சரியில்ல. வெளிய தள்ளு" என்றார்.

என்ஜின் இல்லாத வண்டி, இரண்டு பேர் தள்ளியதும் லேசாக நகர்ந்தது. வாசலைத் தாண்டி வெயிலுக்கு வந்ததும் பெயிண்டர் பானெட்டுக்கு முன்னால் போய் நின்றார். வெளிப் பச்சையும் உள் பச்சையும் முன் சக்கரத்துக்கு மேலே வளையும் ஃபெண்டர் தகட்டின் விளிம்பில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருந்தன. வெளியே இலையின் பச்சை. உள்ளே பாசி பிடித்த சேறு. குருடனுக்குக்கூடத் தெரியும் வித்தியாசம் அது.

மைத்துனனும் பார்த்தான். சட்டென்று, "பழைய பெயிண்ட் மாமா. டின்னுக்குள்ள கிடந்து மாறியிருக்கும்" என்றான்.

பெயிண்டருக்கு அந்த அன்பு புரிந்தது. ஆனால் பெயிண்டைப் பற்றி அவரிடம் யாரும் பொய் சொல்ல முடியாது. பழசானால் கட்டி தட்டும், ஆடை படியும். இப்படிச் சிவக்காது. கடைப் பச்சை கிளி மாதிரிக் கத்தும். அந்தக் கத்தலை அடக்கத்தான் ஒரு சொட்டுச் சிவப்பு விடுவார்கள். ஒரு சொட்டு குறைந்தால் கத்தும், கூடினால் சேறாகும். இதில் ஒரு சொட்டு இரண்டு சொட்டு இல்லை, கரண்டிக் கணக்கில் விழுந்திருந்தது. தூக்கத்தில் கலந்தால்கூட அவள் இப்படிக் கலக்கமாட்டாள்.

அப்போதுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. கண் டாக்டர் ஒரு பேனாவின் சிவப்பு மூடியை அவள் முகத்துக்கு நேராக நீட்டி, இது என்ன கலர் என்று கேட்டார். "செங்கல் பொடி மாதிரி இருக்குங்க" என்றாள். தலைக்குள் வளர்ந்த கட்டி கண் நரம்பை அழுத்துகிறது, இப்படிப்பட்டவர்களுக்கு முதலில் மங்குவது சிவப்புதான் என்று டாக்டர் சொன்னார். இன்னும் ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம், வீட்டில் யாருக்கும் எதுவுமே தெரியவில்லையா என்றும் கேட்டார்.

"ஒண்ணுமே தெரியலைங்க டாக்டர்" என்றார் பெயிண்டர்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இந்தப் பத்து மாதமும் அவர் உயிரோடு நடமாடினார். மாமியாரிடம் சொன்னார், மைத்துனனிடம் சொன்னார், துக்கம் கேட்க வந்தவர்களிடம் சொன்னார். தெரிந்திருந்தால் விட்டிருப்பேனா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படுத்தார். இந்த டின் கலந்தது ஆஸ்பத்திரிக்குப் போவதற்குப் பதினாலு மாதம் முன்னால். அதற்குப் பிறகு அவள் ஒரு டின்கூடக் கலக்கவில்லை. "கடையிலதான் மிஷின் வந்தாச்சே, எனக்கும் ரெஸ்ட் வேணாமா" என்றாள். ஆமாம், பாவம், எத்தனை வருஷம்தான் உழைப்பாள் என்று இவரும் விட்டுவிட்டார்.

மைத்துனன் பக்கத்தில் வந்து நின்றான். அவனும் கணக்குப் போட்டுவிட்டான் போலிருக்கிறது.

"அழிக்க வேணாம் மாமா, இப்படியே இருக்கட்டும். அக்கா கண்ணுக்கு இது சரியான பச்சையாத்தான் தெரிஞ்சிருக்கும்."

அதை அப்படியே விட்டிருக்கலாம். ஆமாம்டா என்று ஒரு வார்த்தை சொல்லி, என்ஜினை இறக்கி, பானெட்டை மூடியிருந்தால் ஜென்மத்துக்கும் யாரும் திறந்து கேட்கப்போவதில்லை. பெயிண்டரால் முடியவில்லை.

"சரியாத் தெரிஞ்சிருந்தா எதுக்குடா என்னையப் பாக்கச் சொன்னா?"

"எப்ப மாமா?"

"இதக் கலந்த அன்னைக்கு." ஃபெண்டரைப் பிடித்துக்கொண்டுதான் அவரால் பேச முடிந்தது. "டின்னத் தூக்கிக்கிட்டு வந்தா. 'என்னங்க, வெளிச்சத்துல வச்சு ஒரு தடவை பாருங்களேன்'னா. இருபத்தாறு வருஷத்துல அவ ஒரு நாள்கூட அப்படிக் கேட்டதில்ல. நான் ஒரு கதவுக்கு டேப் ஒட்டிக்கிட்டு இருந்தேன். திரும்பக்கூட இல்ல. 'நீ கலந்தத நான் எதுக்குடி பாக்கணும், கண்ண மூடிக்கிட்டு அடிப்பேன்'னேன். பெருமையாத்தான்டா சொன்னேன். சந்தோஷப்படுவான்னு நெனச்சேன்."

"அக்கா என்ன சொன்னா?"

"கொஞ்ச நேரம் அங்கயே நின்னா. அப்புறம் மூடிய சுத்தியலால தட்டுற சத்தம் கேட்டுச்சு."

தெருவில் ஒரு சைக்கிள் போனது. மைத்துனன் இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். கையில் அழுக்கே இல்லை, ஆனாலும் விரல் விரலாகத் துடைத்தான். பெயிண்டர் திட்டுக்குக் காத்திருந்தார். அவனுக்கு அந்த உரிமை இருக்கிறது, ஒரே அக்கா.

"அப்ப அக்காவுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றான் அவன். கோபமே இல்லாமல் சொன்னான். "பதினாலு மாசம் தனியா பயந்துக்கிட்டே இருந்திருக்கா மாமா."

கழுத்தைப் பிடித்து நெரித்திருந்தாலும் பெயிண்டர் தாங்கியிருப்பார். வண்டியின் முன் சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, பட்டப்பகலில், தெருவே பார்க்க, வாய்விட்டு அழுதார்.