சுவரில் ஐந்து ஓட்டை

புஷ்ராவின் பெயருக்கு வாஹித் பாஷா போட்ட விலை ஆயிரத்து இருநூறு ரூபாய்.

"பொம்பளப் புள்ள செஞ்ச கேமை மெட்ராஸ் கம்பெனிக்காரன் வாங்குவானாம்மா? உன் பேரை எடுத்துட்டு என் பேரைப் போடு," என்றார். ஆம்பூர் பஜாரில் அவர் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் அவள் டீச்சர். பேரம் பேசாமல் பணத்தை வாங்கிக்கொண்டாள். அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். வாங்கிய கையோடு, கேமின் கடைசிச் சுவரில் அவள் ஒரு சின்ன வேலை பார்த்தாள்.

கேம் கட்டும் சாஃப்ட்வேரான என்ஜினை ஒன்பது மாதம் தானே படித்திருந்தாள். எண்ணூறு பக்கப் புத்தகம். சந்தேகம் கேட்க ஓர் ஆள் கிடையாது. இரண்டு மாதம் திரையில் அவளுடைய கேம் வீரன் தரையில் நிற்காமல் பாதாளத்துக்கு விழுந்துகொண்டே இருந்தான். சுவரில் வெளிச்சம் விழவைக்க மெஷினுக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து.

"இன்னாம்மா, உன் ஆளு இன்னிக்காவது நின்னானா?" என்று வகுப்பே பார்க்க வாஹித் பாய் சிரிப்பார். ஒவ்வொரு சிரிப்புக்கும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு கிழிப்பாள். முப்பத்தோராவது கோட்டில் வீரன் நின்றான். அப்புறம் அவனைச் சுற்றி ஒரு பெரிய கோட்டையே எழும்பியது.

2004 மார்ச்சில் கேமைப் பார்த்து வாங்கச் சென்னைக் கம்பெனியிலிருந்து ஃபீபி மேடம் வந்தார்.

"எல்லாம் நானே செஞ்சது மேடம். இந்தப் பொண்ணு டைப்பிங் மட்டும்," என்றார் வாஹித்.

ஃபீபி விளையாடிக் கடைசிச் சுவருக்கு வந்தார். "இந்த அஞ்சு ஓட்டை எதுக்கு?"

"மிஸ்டேக் மேடம். அழிச்சிடலாம்."

"அழிங்க, பாக்கறேன்."

வாஹித் என்ஜினைத் திறந்தார். திரை முழுக்கக் கட்டமும் கோடும். சந்தையில் தொலைந்த ஆடு மாதிரி அவர் கையில் மவுஸ் அலைந்தது. "புஷ்ரா, கொஞ்சம் வாம்மா..."

"எனக்கு இன்னா தெரியும் பாய்? நான் டைப்பிங் தானே?"

அவர் சட்டைக் காலர் வேர்வையில் நனையும்வரை அவள் அசையவில்லை. பிறகு நிதானமாக வந்து கேமை ஓட்டினாள். வீரனின் தீவட்டியை ஐந்து ஓட்டையிலும் ஒவ்வொன்றாக நீட்டினாள். சுவர் விலகியது. உள்ளே ஒரு கல்வெட்டு: செய்தவள் புஷ்ரா, ஆம்பூர்.

"தோல் பதனிடற டேனரியில பல பேரோட ஆட்டுத்தோல் ஒரே தொட்டியில ஊறும் மேடம். எது யாருதுன்னு தெரியணும்னு முன்னாடியே அடையாளமா ஓட்டை போட்டுடுவாங்க. சுண்ணாம்புல போட்டாலும் அழியாது. அஞ்சு ஓட்டை எங்க அப்பா அடையாளம்."

ஃபீபி வாஹித்தைப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார். "வேலைக்கு எப்ப வர்றே?" என்று புஷ்ராவிடம் கேட்டார்.

ஆயிரத்து இருநூறையும் புஷ்ரா மேஜையில் வைத்து, "எண்ணிக்குங்க பாய்," என்றாள். நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி எழுதினாள்: ரூபாய், கணக்கு நேர். பெயர், வந்தாச்சு. சிரிப்பு, வாங்கியது முப்பத்தொன்று, திருப்பியது ஒன்று. பாக்கி முப்பது.